இரண்டு செல்வராஜும் ஒரு சமையலறை போனும்

டெல்லித் தமிழ்த் தம்பதிகளைப் பிரியாமல் கட்டிக் காத்த ஒரே மனிதர் ஜோடி அண்ணாச்சிதான். பிள்ளையார் கோயில், மாதா கோயில், குடும்பக் கோர்ட் எல்லாம் அவருக்கு அப்புறம்தான். நம்பாதவர்களை எங்கள் ஆஸ்பத்திரியின் பழைய கட்டடத்துக்குக் கூட்டிப்போய், மாடிப்படிக்குக் கீழே இருந்த இரும்புப் பெட்டியைத் திறந்து காட்டியிருப்பேன். உள்ளே கணவனும் மனைவியுமாக, கழுத்தில் பெயரட்டையோடு வரிசையாகத் தொங்குவார்கள்.

பதறாதீர்கள், தொங்கியதெல்லாம் ஒயர்கள். கதையை முறையாகச் சொல்கிறேன்.

நான் அந்த ஆஸ்பத்திரியில் கொள்முதல் பிரிவில் இருந்தேன். ஆஸ்பத்திரியின் பெயர் வேண்டாம், கான்டீனில் எனக்கு இன்னும் நல்ல பெயர் இருக்கிறது. கட்டடம் இரண்டு, நடுவில் ரோடு. பரிசோதனைக்கூடம் பழைய கட்டடத்தில், வார்டுகள் புதுக் கட்டடத்தில். ரத்தத்தைச் சோதிக்கிற மெஷின் பழசு. வேலையில் குறையில்லை, ஆனால் அதன் குரல் அந்த அறைக் கோடி வரைக்கும்தான் போகும். ரோட்டைத் தாண்டி வார்டிலிருக்கும் பிரிண்டருக்கு ரிப்போர்ட் போக வேண்டுமென்றால் இந்தப் பக்கம் ஒரு மோடம், அந்தப் பக்கம் ஒரு மோடம் வைக்க வேண்டும். சோப்புப் பெட்டி அளவுதான் இருக்கும். கிட்டத்துத் தூரத்துக்கென்றே செய்த மோடம். அவை இரண்டும் ரோட்டுக்கு அடியில் கிடக்கிற பழைய டெலிபோன் கேபிள் வழியாகப் பேசிக்கொள்ளும்.

"இந்தக் காலத்திலா இதெல்லாம்?" என்று கேட்பீர்கள். கண்ணாடி இழைக் கேபிளும் போட்டுப் பார்த்தோம். டெல்லியில் ஒரு ரோட்டை மூடுவதே அடுத்தவன் வந்து தோண்டுவதற்குத்தான். குடிநீர்க் குழாய் போடுகிற ஜல் போர்டுக்காரன் ஒரு தடவை வெட்டினான், கேஸ் குழாய்க்காரன் ஒரு தடவை வெட்டினான், யாரென்றே தெரியாத ஒருவன் ஒரு தடவை வெட்டினான். ஆழத்தில் கிடந்த அந்தக் கிழட்டுச் செம்புக் கேபிளை மட்டும் எந்த மண்வெட்டியாலும் தொட முடியவில்லை. அதை ஒட்டுப்போட்டு, பராமரித்து, அதட்டி வேலை வாங்குகிற கான்ட்ராக்ட் அண்ணாச்சியிடம் இருந்தது.

பில்லில் அவருக்கு ஒரு பெயர் உண்டு. அந்த பில்லைத் தவிர வேறு யாரும் அவரை அப்படிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. சாத்தான்குளம் பக்கத்து ஆள், டெல்லிக்கு வந்து பாதி ஆயுசு ஆகிவிட்டது. தமிழில் சாத்தான்குளம் ஒரு துளி குறையவில்லை. இந்தியிலும் அதே சாத்தான்குளம்தான். கோல் மார்க்கெட் பக்கமிருந்து ஸ்கூட்டரில் வருவார். பின்சீட்டில் ஒரு கேபிள் உருளை உட்கார்ந்திருக்கும், அதற்கு ஒரு ஹெல்மெட் மாட்டியிருப்பார்.

"எதுக்கு அண்ணாச்சி அதுக்கு ஹெல்மெட்?"

"பின்னால உக்காந்து வாரவுகளுக்கும் ஹெல்மெட் வேணும்னு சட்டம் இருக்குல்லா தாயி? போலீஸ்காரன் தூரத்துல இருந்து பாத்தா தல இருக்கான்னுதான் பாப்பான். ஆளு இருக்கான்னா பாக்கப் போறான்?"

அவருக்கு இந்த உலகத்தில் பிடிக்காத ஒரே விஷயம், நேராக இருக்கிற ஒயர். இரண்டு ஒயரை ஒன்றோடொன்று முறுக்கினால்தான் ஜோடி. அந்த முறுக்கை எவனாவது பார்க்க அழகாக இருக்கட்டும் என்று பிரித்து நேராக்கினால் அண்ணாச்சிக்குச் சாமி வந்துவிடும். எங்கள் எலெக்ட்ரீஷியன் ஒருவன் ஒருமுறை அப்படித்தான் விரற்கடை நீளத்துக்கு முறுக்கைப் பிரித்து, சீப்பால் வாரின மாதிரி வைத்துவிட்டான். "அரே பையா! ஜோடி மத் தோடோ! சப் கதம் ஹோ ஜாயேகா!" ஜோடியைப் பிரிக்காதே, எல்லாம் நாசமாகிவிடும் என்று அவர் போட்ட கூச்சலில், ஏதோ கல்யாணத்தில் தகராறு என்று நினைத்துக் காவல்காரர் ஓடி வந்தார்.

அப்படி என்னதான் இருக்கிறது இந்த முறுக்கில் என்று நானே கேட்டேன். ஏன் கேட்டோம் என்று ஆகிவிட்டது. டீ ஆறி, ஆடை படிகிற வரைக்கும் சொன்னார்.

"புருஷனும் பொண்டாட்டியும் ஒட்டி உக்காந்திருக்காவன்னு வச்சுக்கிடுங்க. வெளிய எவனோ கத்துதான். ரெண்டு பேரு காதுலயும் ஒண்ணுபோல விழும். ரெண்டு பேருக்கும் ஒண்ணுபோல விழுந்தா அது ஊர்ச்சத்தம், நமக்குத் தேவையில்ல. மோடம் அதத் தள்ளிரும். ஒருத்தருக்கும் இன்னொருத்தருக்கும் எது வித்தியாசமோ, அதுதான் சேதி. மோடம் அத மட்டும் எடுத்துக்கிடும். அதுக்கு ரெண்டு பேரும் முறுக்கிக்கிட்டு ஒட்டியே இருக்கணும், கேட்டியளா? ஒருத்தன் தெக்க, ஒருத்தி வடக்கன்னு போனா ஊர்ச்சத்தமெல்லாம் வீட்டுக்குள்ள வந்துரும்."

எனக்குக் கல்யாணத்தில் புரோகிதர் சொன்னது எதுவும் இந்த அளவுக்குப் புரிந்ததில்லை.

பெயரட்டை விவகாரம் இங்கேதான் ஆரம்பித்தது. கேபிள் பழசாகி ஒயர்களின் நிறமெல்லாம் வெளுத்துப் போயிருந்தது. நீலமா சாம்பலா என்று விளக்கடியில் வைத்துப் பார்த்தாலும் தெரியாது. நம்பர் போட்டு வைக்க வேண்டியதுதானே என்றால், "நம்பர் மறந்துபோகும் தாயி, ஆளு மறக்குமா?" என்பார். அதனால் ஒவ்வொரு ஜோடிக்கும் ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிற ஒரு தமிழ்த் தம்பதியின் பெயர். ஒரு ஒயரில் கணவன், முறுக்கின மறு ஒயரில் மனைவி. அட்டையை நறுக்கித் தமிழில் எழுதி நூலால் கட்டிவிடுவார். தமிழ் தெரியாத எவனும் பெட்டியில் கை வைக்க மாட்டான் என்பது கூடுதல் லாபம்.

என் பெயரும் என் வீட்டுக்காரர் பெயரும்கூட அதில் தொங்கின. வசந்தா, ராமநாதன். எங்கள் ஜோடி எதற்கு உபயோகமாகிறது என்று ஆசையாகக் கேட்டேன்.

"பிணவறை இன்டர்காமுக்கு."

"ஏன் அண்ணாச்சி, உங்களுக்கு வேற எதுவும் கிடைக்கலையா?"

"அமைதியான லைனு தாயி. சண்ட சச்சரவு கிடையாது. ராமநாதன் சார் குணத்துக்கு அதுதான் சரி."

வீட்டில் வந்து சொன்னேன். அவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், "நல்ல மனுஷன்டி, எடை போட்டு வெச்சிருக்கார்" என்றார்.

டாக்டர் தம்பதி ஒன்று விவாகரத்துக்குப் போனது. கணவர் குழந்தைகள் டாக்டர், அவரிடம் ஆறுதல் சொல்ல ஆளாளுக்குப் போய்வந்தார்கள். அண்ணாச்சி யாரிடமும் போகவில்லை. அந்த ஜோடியிலிருந்த போன் லைனை எடுத்து வேறு ஜோடிக்கு மாற்றிவிட்டு, அதைச் சும்மா விட்டுவைத்தார். "இப்பதைக்கு அவுகளுக்குப் பாரம் வேண்டாம். பேசி முடிக்கட்டும்" என்றார். பேசி முடித்து, அந்த அம்மாள் பெங்களூருக்கே போய்விட்டார். அதற்கப்புறமும் இரண்டு அட்டைகளையும் அவர் அறுக்கவில்லை. கேட்டால், "ஒயருக்கு என்ன தெரியும், அது முறுக்கிட்டுத்தான கெடக்கு" என்றார்.

இத்தனைக்கும் பெருமை பேசுவதில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. "எங் கையால இதுவரைக்கும் ஒரு ஜோடி பிரிஞ்சதில்ல" என்று லிஃப்ட்காரரிடம் சொல்வார், பார்மசியில் சொல்வார், ஸ்ட்ரெச்சரில் படுத்திருக்கிற நோயாளியிடம்கூடச் சொல்வார். அடக்கம் என்ற சாமான் அவர் டூல்பையில் கிடையாது.

அந்த வருஷம் மழை பலத்துப் பெய்து, மாடிப்படிக்குக் கீழே இருந்த பெட்டிக்குள் தண்ணீர் புகுந்துவிட்டது. அண்ணாச்சி கேபிளின் நனைந்த நுனியை வெட்டி எறிந்து, எல்லா ஒயரையும் புதிதாக ஒட்டுப்போட்டு, அட்டைகளையும் புதிதாக எழுதிக் கட்டினார். கையோடு, சும்மா கிடந்த ஒரு ஜோடியில் பழைய கட்டடத்து எக்ஸ்சேஞ்சிலிருந்து புதுக் கட்டடத்துச் சமையலறைக்கு ஒரு இன்டர்காமும் கொடுத்தார். சமையல்காரர் ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டிருந்த போன். ரிப்பன் வெட்டாத குறை.

அந்த வாரம்தான் ஜாஸ்மின் மாட்டிக்கொண்டாள்.

ஜாஸ்மின் ஆண்கள் வார்டு நர்ஸ். நாசரேத்துப் பக்கத்துப் பெண், வந்து ஒரு வருஷம் ஆகப்போகிறது, வேலை நிரந்தரமாகிற நேரம். பேச்சு குறைவு, கை சுத்தம். அந்த வார்டில் அப்போது ரிட்டயரான பெரிய அதிகாரி ஒருவர் சர்க்கரைக்காகப் படுத்திருந்தார். மத்தியானச் சர்க்கரை அளவு வந்த பிறகுதான் ஊசி, ஊசிக்குப் பிறகுதான் சாப்பாடு. அன்று ரிப்போர்ட் வர வேண்டிய நேரத்தில் பிரிண்டர் கொக்கி, புள்ளி, கேள்விக்குறி என்று என்னத்தையோ அடித்துத் துப்பியது. ஜாஸ்மின் அந்தக் காகிதத்தைக் கசக்கிக் குப்பையில் போட்டுவிட்டு லேப்புக்குப் போன் செய்தாள். லைன் பிஸி. திரும்பச் செய்தாள், பிஸி. நல்ல ரிப்போர்ட் வந்துசேர்வதற்குள் மத்தியானம் கடந்துவிட்டது. உடம்புக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் தன் காலத்தில் பாதி தேசத்தை வாசலில் காக்கவைத்த மனிதருக்கு, ஒரு வேளை தான் காத்திருந்ததைத் தாங்க முடியவில்லை. புகார் மேலே போனது.

லேப் கம்ப்யூட்டர் ரிப்போர்ட்டைச் சரியான நேரத்துக்கு அனுப்பியதாகச் சொன்னது. ஜாஸ்மின் வந்தது குப்பை என்றாள். அந்தக் குப்பையோ நிஜக் குப்பையோடு போய்விட்டது. "ரிப்போர்ட்டைக் கவனிக்காமல் விட்டுவிட்டு பொய் சொல்கிறாள்" என்பது மேட்ரனின் முடிவு. விசாரணை முடிகிற வரைக்கும் ரிப்போர்ட்டுகளைக் கையில் கொண்டுவரச் சொல்லிவிட்டு, லைனைச் சோதிக்க அண்ணாச்சியைக் கூப்பிட்டார்.

அண்ணாச்சி சாயங்காலம் வந்தார். மீட்டரை வைத்தார், முள் நிற்க வேண்டிய இடத்தில் நின்றது. லேப்பிலிருந்து பக்கம் பக்கமாக அனுப்பச் சொன்னார். ஒரு புள்ளி தப்பில்லாமல் வந்தது. தாள்களை மேட்ரன் மேஜைமேல் விசிறி மாதிரி விரித்துவைத்து, "மேடம், மேரா லைன் ஏக்தம் சாஃப்" என்றார், என் லைன் படு சுத்தம் என்று. பக்கத்தில் நின்ற ஜாஸ்மினைத் திரும்பிப் பார்த்து, "ஏ பிள்ள, தப்பு நடந்தா நடந்துட்டுன்னு சொல்லணும். லைனு மேல பழி போடப்படாது" என்று எல்லோர் எதிரிலும் சொன்னார்.

அவள் அழவில்லை. "அண்ணாச்சி, நான் பாத்தேன். நீங்க மத்தியானச் சாப்பாட்டு நேரத்துல வந்து பாருங்க" என்றாள்.

"என் லைனுக்கு நேரங்காலம் கிடையாது."

மேட்ரன் அவர் சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டார். மறுநாள் மத்தியானம் நாலாவது மாடியில் கமிட்டி. அவளை வீட்டுக்கு அனுப்பப் போகிறார்கள் என்பது கான்டீன் பூனை வரைக்கும் தெரிந்துவிட்டது.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. வாசலில் ஸ்கூட்டரை உதைத்துக்கொண்டிருந்தவரைப் பிடித்து நிறுத்தினேன்.

"அண்ணாச்சி, அந்தப் பொண்ணு வேலை போகப்போறது. ஒரு தடவை அவ சொன்ன நேரத்துல வந்து பாத்தா உங்க கிரீடம் இறங்கிடுமா?"

"வந்து பாத்து, ஒண்ணுமில்லன்னு ஆச்சுன்னா?"

"அப்ப அவ பொய்தான் சொல்றான்னு நானும் ஒத்துக்கறேன்."

"வாரேன். அவளுக்காவ இல்ல. என் லைனச் சந்தேகப்பட்டுட்டிய, அதுக்காவ" என்று சொல்லிவிட்டு, உருளையின் ஹெல்மெட்டைச் சரிசெய்துகொண்டு போனார்.

மறுநாள் வந்தார், ரோஷத்தோடு. வார்டில் பிரிண்டர் முன்னால் ஒரு ஸ்டூலைப் போட்டு, காலை அகட்டி உட்கார்ந்தார். லேப்பிலிருந்து விடாமல் சோதனைப் பக்கங்கள் வந்துகொண்டிருந்தன. எல்லாம் சுத்தம். "பாத்தியளா?" என்று ஒவ்வொரு தாளுக்கும் என்னைப் பார்த்தார். மேலே நாலாவது மாடியில் ஜாஸ்மினை உள்ளே கூப்பிட்டாகிவிட்டது என்று ஆயா வந்து சொன்னாள்.

அந்த நேரத்தில்தான் சாப்பாட்டுத் தட்டு கிளம்புகிற வேளை வந்தது. ஒவ்வொரு வார்டிலிருந்தும் புது இன்டர்காமில் சமையலறையைக் கூப்பிட ஆரம்பித்தார்கள். யாருக்கு உப்பில்லாதது, யாருக்குக் கஞ்சி. கீழே போன் மணி அடிப்பது படிக்கட்டு வழியாக எங்களுக்குக் கேட்டது. மணி அடித்தது, பிரிண்டர் கொக்கி கொக்கியாகத் துப்பியது. மணி நின்றது, எழுத்து சரியானது. திரும்ப மணி, திரும்பக் கொக்கி.

அண்ணாச்சி "பாத்தியளா" சொல்லவில்லை. தாளைக் கிழித்துக் கையில் எடுத்துக்கொண்டார். அப்புறம் ரோட்டைத் தாண்டிப் பழைய கட்டடத்துக்கு நடந்தார். நானும் பின்னாலேயே ஓடினேன். பெட்டியைத் திறந்து, டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு, ஒவ்வொரு அட்டையாக நகர்த்தினார். ஓரிடத்தில் கை நின்றுவிட்டது.

"தாயி," என்றார் டார்ச்சை எடுத்துவிட்டு. "ரெண்டு செல்வராஜ்."

எங்கள் ஆஸ்பத்திரியில் இரண்டு செல்வராஜ் உண்டு. எக்ஸ்ரே செல்வராஜ், அவர் மனைவி மேரி; இவர்கள் ஜோடியில்தான் ரிப்போர்ட் போகும். லாண்டரி செல்வராஜ், அவர் மனைவி கிரேஸ்; சும்மா கிடந்து, இப்போது சமையலறை போனுக்குப் போனது இவர்கள் ஜோடி. நெல்லைக்காரர்கள் கூடுகிற இடத்தில் இரண்டே செல்வராஜோடு நின்றதே பெரிய விஷயம். பழைய அட்டைகளில் எக்ஸ்ரே, லாண்டரி என்றும் எழுதியிருந்தது. மழைக்கு அப்புறம் புது அட்டை எழுதும்போது இடம் போதாமல், இரண்டிலும் வெறும் செல்வராஜ் என்று எழுதிவிட்டார். ஒட்டுப்போடும்போது இந்த செல்வராஜை அந்த கிரேஸோடும், அந்த செல்வராஜை இந்த மேரியோடும் இணைத்துவிட்டார். மறுமுனையிலும் அதே அட்டையை நம்பி அதே மாதிரி இணைத்திருந்தார். மின்சாரம் இங்கே நுழைந்து அங்கே ஒழுங்காக வெளியே வந்தது. அதனால் மீட்டருக்கு எந்தக் குறையும் தெரியவில்லை. ஆனால் ரிப்போர்ட் போகிற இரண்டு ஒயரும் இப்போது ஒன்றோடொன்று முறுக்கியவை அல்ல. ஒவ்வொன்றும் சமையலறை போனின் ஒயரோடு முறுக்கிக்கொண்டு ரோட்டுக்கு அடியில் போனது. அந்தப் போன் சும்மா இருக்கிற வரைக்கும் எல்லாம் சுகம். மணி அடித்தால் அத்தனையும் ரிப்போர்ட்டுக்குள் வந்துவிடும்.

"எங் கையாலேயே பிரிச்சிருக்கேன்" என்றார்.

அவர் கையில் ஸ்க்ரூ டிரைவர் இருந்தது. இந்த இடத்தை நான் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். இங்கே இரண்டு திருகு, அங்கே இரண்டு திருகு. செல்வராஜ்களை இடம் மாற்றிவிட்டால் முடிந்தது. அப்புறம் எத்தனை மணி அடித்தாலும் பிரிண்டர் முத்து முத்தாக அடிக்கும். அவர் தப்பு செய்தார் என்பதற்கு இந்த உலகத்தில் தடயமே இருக்காது. ஜாஸ்மின் நிஜம் சொன்னாள் என்பதற்கும் இருக்காது. அந்தப் பழைய கட்டடத்தில் இதைப் புரிந்துகொண்டவர்கள் நாங்கள் இரண்டே பேர். என் பேச்சுக்கு என்ன மதிப்பு, எனக்குத் திருகாணி எந்தப் பக்கம் திரும்பும் என்றே தெரியாது.

அவர் திருகைத் தொடவில்லை. பெட்டியைத் திறந்தது திறந்தபடியே விட்டுவிட்டு ஓடினார். ஐம்பதைத் தாண்டிய, தொந்தி வைத்த ஆள், எதிரே வந்த ஆட்டோவை ஒரு கையைக் காட்டி நிறுத்தி ரோட்டைத் தாண்டினார். லிஃப்டுக்குக் காத்திருக்கவில்லை. "ஜல்தி வாங்க தாயி, ஜல்தி!" என்று கத்திக்கொண்டே மாடிப்படி ஏறினார். நாலாவது மாடியில் நான் மூச்சு வாங்கி நிற்கும்போது அவர் கமிட்டி அறைக் கதவைத் தட்டாமலேயே திறந்துவிட்டிருந்தார்.

உள்ளே நிர்வாக அதிகாரி கர்னல் சாப், மேட்ரன், ஊழியர் பிரதிநிதியாக எக்ஸ்ரே செல்வராஜ். எதிரே தனி நாற்காலியில் ஜாஸ்மின்.

"சாப், லட்கி சச் போல் ரஹி ஹை. கல்தி லைன் மே ஹை. நீச்சே ஆயியே" என்றார் அண்ணாச்சி. பெண் நிஜம்தான் சொல்கிறாள், தப்பு லைனில், கீழே வாருங்கள். கர்னல் ராணுவத்தில் இருந்தவர், ஸ்க்ரூ டிரைவரோடு ஓடிவருகிறவனை உட்காரவைத்துக் கேள்வி கேட்பவர் இல்லை. எழுந்து வந்துவிட்டார்.

கமிட்டி மொத்தமும் பிரிண்டரைச் சுற்றி நின்றது. லேப்பிலிருந்து பக்கங்கள் வரத் தொடங்கின. "தாயி, சமையக்கட்டுக்குப் போன் போடுங்க" என்றார். போட்டேன். வழக்கமாக அரை மணி அடித்தாலும் எடுக்காத சமையல்காரர் அன்றைக்கு மணி முழுசாக அடிப்பதற்குள் எடுத்து "ஹலோ ஜி!" என்றார். தாளில் ஒரு பழுதில்லை. மேட்ரன் கையைக் கட்டிக்கொண்டார்.

நான் இந்தியில் கெஞ்சினேன். "பையா, இப்ப திரும்ப மணி அடிக்கும். எடுக்காதீங்க."

"அச்சா மேடம்."

வைத்துவிட்டுத் திரும்பக் கூப்பிட்டேன். உடனே எடுத்தார். "மேடம், நான் எடுக்கவே இல்லை. அடுத்து என்ன செய்யணும்?"

ஜாஸ்மின் கண்ணை மூடிக்கொண்டாள். அவள் உதடு எதையோ ஜெபித்துக்கொண்டிருந்தது. மூன்றாம் தடவை அண்ணாச்சி படிக்கட்டில் குனிந்து, "அரே பாய், போன் மத் சூனா! ஹாத் பீச்சே!" என்று கத்தினார். போனைத் தொடாதே, கையைப் பின்னால் கட்டு. மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. பிரிண்டர் கொக்கியும் புள்ளியும் கேள்விக்குறியுமாகக் கக்கிக்கொண்டே இருந்தது. கர்னல் தாளைக் கையிலெடுத்து ஜாஸ்மினிடம் நீட்டினார்.

"இதுதானா அன்றைக்கு வந்தது?"

"இதேதான் சார்."

கர்னல் அண்ணாச்சியைப் பார்த்து இரக்கமாகத்தான் கேட்டார். "சூஹா? எலி கடித்திருக்குமோ? மழைத் தண்ணீரா?"

நல்ல மனிதர், அவரே ஒரு வழியைத் திறந்துவிட்டார். எலி என்று சொல்லியிருந்தால் எல்லோருக்கும் சௌகரியம். டெல்லியில் எலி மேல் போடாத பழியா?

"சூஹா நஹி சாப். மைன். எலி இல்ல, நாந்தான். இந்த செல்வராஜ லாண்டரி கிரேஸோட சேத்து வச்சிட்டேன். ஒரு வாரமா அப்படித்தான் ஓடிட்டிருக்கு" என்றார், பாதி இந்தியும் பாதி சாத்தான்குளமுமாக, விரலை நேராக எக்ஸ்ரே செல்வராஜின் நெஞ்சுக்கு நீட்டி.

எக்ஸ்ரே செல்வராஜுக்கு முகத்தில் ரத்தமே இல்லை. "யோவ், என்னவே சொல்லுதீரு? எனக்குக் குடும்பம் இருக்குவே!" என்று அலறினார். கர்னல் "கௌன் கிரேஸ்?" என்றார். யார் அந்த கிரேஸ் என்பதை விளக்கி, அது ஒயர் என்பதை விளக்கி, மேரி அக்காவின் காதுக்கு விஷயம் தப்பாகப் போகாமல் தடுப்பதற்குள் எங்களுக்குப் போதும் போதுமென்று ஆகிவிட்டது. இத்தனைக்கும் நடுவில் அண்ணாச்சி சிரிக்கவில்லை. "நேத்து மேட்ரன்கிட்ட லைனு சுத்தம்னு சொன்னேம்லா, அதயும் அழிச்சு எழுதச் சொல்லுங்க சாப்" என்று அதையே திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஜாஸ்மின் மேல் எழுதியதெல்லாம் ரத்தானது. மேட்ரனே அவள் தோளைத் தட்டினார். அண்ணாச்சி பெட்டிக்குத் திரும்பி, செல்வராஜ்களை அவரவர் மனைவியோடு சேர்த்துவைத்து, விடாமல் மணி அடிக்கவிட்டுச் சோதித்து, ஒரு புள்ளி பிசகாத தாளைக் கர்னல் மேஜையில் வைத்தார். அந்த வாரக் கடைசியில் அவர் கான்ட்ராக்டை நிறுத்தினார்கள். ஒரு கம்பெனி வந்து கண்ணாடி இழையைக் கூரை வழியாகக் கொண்டுபோயிற்று. நிறுத்துகிற கடிதத்தை டைப் அடித்தது நான்தான். மூன்று முறை தப்படித்தேன்.

கடைசி நாள் சாமான் எடுக்க வந்தார். ஜாஸ்மின் டியூட்டியிலிருந்து ஓடி வந்து வாசலில் நின்றாள்.

"அண்ணாச்சி, எனக்காவத்தான உங்க வேல போச்சு?"

"ஏ பிள்ள, வேல எங்கயும் கெடைக்கும். நொய்டாவுல லிஃப்டு கம்பெனிக்காரன் கூப்பிட்டுட்டிருக்கான்" என்று ஸ்கூட்டரில் சாமானைக் கட்டிக்கொண்டே சொன்னார். கட்டி முடித்தும் ஏறவில்லை. "அன்னைக்கு எல்லாரு முன்னாலயும் உன்னயப் பாத்து ஒரு வார்த்த சொன்னேம்லா. பழி போடாதன்னு. அது மட்டும் நெஞ்ச விட்டுப் போகமாட்டேங்கு. நீ மன்னிச்சிட்டேன்னு சொல்லிராத, அப்பறம் இன்னும் கஷ்டமாப் போயிரும். சாப்பிட்டியா?"

"இல்ல அண்ணாச்சி."

"போயிச் சாப்பிடு மொதல்ல."

அவள் திரும்பி நடந்து, வார்டுக் கதவுக்குள் மறைகிற வரைக்கும் பார்த்துக்கொண்டு நின்றார். என்னிடம் தலையை மட்டும் ஆட்டிவிட்டுக் கிளம்பினார்.

நான் என் அப்பா அம்மாவுக்கு ஒரே பிள்ளை. கூடப்பிறந்தவர்கள் உண்டா என்று இப்போதெல்லாம் யாராவது கேட்டால், ஒரு அண்ணன் நொய்டாவில் இருக்கிறார் என்றுதான் என் வாயில் வருகிறது.